குறையா, குற்றமா, பழியா? ஒரு தீர்மான நோட்டில் தொடங்கிய சண்டை

கடைமடையான் (திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே)

எங்கள் ஊர்ப் பாசன சங்கத்தில் ஒரே ஒரு சொல்லுக்காகச் சண்டை நடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் வயல்கள் தலைமடை, கடைசியாக வந்து சேரும் வயல்கள் கடைமடை. போன கூட்டத்தில் கடைமடை உறுப்பினர் ஒருவர், வயதில் மூத்தவர், எழுந்து நின்று, "மேலே மூன்று மதகிலும் முறை இல்லாத நாளில் தண்ணீர் பாய்கிறது. நமக்கு நாற்றங்கால் நனையக்கூட வரவில்லை" என்றார். பேசியது அவ்வளவுதான். செயலாளர் தீர்மான நோட்டில், "தலைமடை விவசாயிகள் மீது உறுப்பினர் குற்றம் சாட்டினார்" என்று எழுதிவிட்டார். நோட்டை வாசித்தபோது பெரியவர் துள்ளி எழுந்துவிட்டார். "நான் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. குறை சொன்னேன். மாற்றி எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்கிறார். செயலாளருக்கோ இரண்டும் ஒன்று. "எதற்கு இந்தப் பிடிவாதம்?" என்று கேட்கிறார்.

அடுத்த கூட்டத்துக்குள் சரியான வாசகம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. குறை, குற்றம், பழி, புகார் இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, அல்லது பெரியவர் முறுக்கிக்கொள்கிறாரா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

பெரியவர் சொல்வதுதான் சரி. செயலாளரை ஒரு நாள் கலெக்டர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே மாதந்தோறும் நடப்பதற்கு என்ன பெயர்? விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். குற்றம் தீர்க்கும் கூட்டம் என்று எங்கும் பலகை கிடையாது. குறை என்றால் இல்லாதது, போதாதது. அதை நிரப்பினால் தீர்ந்தது. குற்றம் என்றால் ஒருவன் செய்தது. அதற்கு விசாரணை வேண்டும், தண்டனை வேண்டும், குறைந்தபட்சம் மன்னிப்பாவது வேண்டும். ஆகவே குறை சொல்கிறவன் கேட்பது தண்ணீரை. குற்றம் சாட்டுகிறவன் கேட்பது ஓர் ஆளை.

பழைய அகப்பாடல் துறைகளில் "குறையிரத்தல்" என்று ஒன்று உண்டு. தலைவன் தோழியிடம் வந்து தன் தேவையைச் சொல்லிக் கெஞ்சி நிற்பது. தோழி அதைத் தலைவியிடம் எடுத்துச் சொல்லி இணங்க வைப்பதற்குக் "குறைநயப்பித்தல்" என்று பெயர். அங்கே குறை என்ற சொல்லுக்குள் எவரையும் சாடும் எண்ணமே கிடையாது, வேண்டுதல்தான். உங்கள் பெரியவர் இந்தத் துறையெல்லாம் படித்திருக்க வேண்டியதில்லை. காதுக்குத் தெரிந்திருக்கிறது.

கோர்ட்டுத் தெரு (தஞ்சாவூர்)

வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "குற்றம் சாட்டினார்" என்று எழுதிப் பெயரையும் சேர்த்தால் விவகாரம் வேறு திசைக்குப் போகும். அவதூறு என்பது இன்றும் கிரிமினல் குற்றம்தான். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் தப்பிவிட முடியாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. சங்கத்து நோட்டில் இருக்கும் வரியைப் பத்து வருடம் கழித்துக்கூட ஒருவன் நகலெடுத்துக்கொண்டு வந்து நிற்பான். நான் பார்த்திருக்கிறேன்.

புகார், மனு, பிராது மூன்றுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். பிராது பஞ்சாயத்தார் முன்னால் வைப்பது. இரு தரப்பையும் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், முடிந்தபின் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். புகார் காவல் நிலையத்துக்குப் போவது. மனுவில் எதிராளியே இல்லாமல் இருக்கலாம். "தெருவிளக்கு எரியவில்லை" என்பது மனு. அதில் யார் மீதும் கோபம் இல்லை. இருந்தாலும் மனுவில் இடமில்லை.

பூம்புகார்ப் பையன் (சீர்காழி)

கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். புகார் என்பது எங்கள் ஊர்ப் பெயர். கண்ணகி மதுரைக்குப் போய் நீதி கேட்டதால்தான் முறையிடுவதற்குப் புகார் என்று பெயர் வந்தது என்று எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா டீச்சர்?

அரசலாற்றங்கரை

இல்லை தம்பி. காவிரி கடலில் புகும் இடம் என்பதால் ஊர் புகார் ஆயிற்று. காவல் நிலையத்துப் புகார் இந்துஸ்தானியிலிருந்து வந்தது, கூவி அழைப்பது என்ற பொருளில். பிராதும் அப்படி வெளியிலிருந்து வந்து நம் ஊரில் குடியேறிய சொல்தான். இரண்டு புகாரும் தற்செயலாக ஒரே உருவில் நிற்கின்றன. தெருவில் அடித்துச் சொன்னவரை ஒன்றும் சொல்லாதே, அழகான கதைதான்.

ஆனால் நீ கண்ணகியை இழுத்ததால் சொல்கிறேன். அந்தக் காப்பியத்தில் பழி கைமாறும் இன்னொரு இடம் இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கானல்வரியில் மாதவி பாடியதைக் கேட்டுக் கோவலன் அவள் மனத்தில் வேறொருவன் இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு மதுரைக்குப் போகும் வழியில் அவள் எழுதிய ஓலை அவன் கைக்கு வருகிறது. நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்கிறாள். படித்தவன், "தன்தீது இலள்" என்று தெளிந்து, "என்தீது" என்று உணர்கிறான். கவனி. அங்கே குற்றம் என்ற சொல்லும் இல்லை, பழி என்ற சொல்லும் இல்லை. தீது. வழக்காட ஆள் இல்லாத இடத்தில், ஒருவன் தனக்குள் சொல்லிக்கொள்ளும் சொல். அரசவையில் பாண்டியன் சொல்வது வேறு: "யானோ அரசன், யானே கள்வன்." அது ஊரறியச் சொன்னது, ஆகவே குற்றத்தின் பெயரையே தன் மேல் போட்டுக்கொள்கிறான்.

வெட்டாறு

தண்ணீர் வரவில்லை என்று ஆள் கத்திக்கொண்டிருக்கிறான், இங்கே சொல்லை ஊறப்போட்டு ஆராய்ச்சி. நன்றாக இருக்கிறது.

களத்துமேடு (பாபநாசம்)

வெட்டாறு அண்ணா, நாற்று காய்கிற கோபம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் தண்ணீர்ச் சண்டை பாதி வாயில்தான் நடக்கிறது, வாய்க்காலில் மீதிப் பாதிதான்.

நான் தூற்றுதலைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஒருவரைத் தூற்றுவது என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் நெல் தூற்றிப் பார்த்திருப்பார்கள்? இப்போது அறுவடை இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. என் சின்ன வயதில் காற்றுக்காகக் களத்தில் காத்துக் கிடப்போம். காற்று எழும்பியதும் அப்பா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றுக்குக் குறுக்கே நின்று, விளிம்பை மெதுவாக அசைப்பார். நல்ல நெல் காலடியில் விழும். கருக்காய் ஒரு முழம் தள்ளி விழும். பதர் இன்னும் தள்ளி. தூசு பறந்து போய்ப் பக்கத்துக் களத்துக்காரர் கண்ணில் விழும். அவர் வைவார்.

ஒருவனைத் தூற்றுகிறவன் செய்வதும் இதுதான், ஆனால் தலைகீழாக. அவனுக்கு நெல்லில் அக்கறை இல்லை. தூசு பறக்க வேண்டும், அது நாலு பேர் கண்ணில் விழ வேண்டும். அதனால்தான் தூற்றுவதற்குக் கூட்டம் தேவைப்படுகிறது. தனியறையில் ஒருவனை ஒருவன் திட்டலாம், வையலாம், ஏசலாம். தூற்ற முடியாது. மண்ணை வாரித் தூற்றுவது என்றால் இன்னும் ஒரு படி மேலே. அது சாபம், கோயில் வாசலில் நடப்பது.

மன்னை மருமகள்

ஆண்கள் எல்லோரும் வாய்க்காலிலும் கோர்ட்டிலும் நிற்கிறீர்கள். இந்தச் சொற்கள் நிஜமாக விளைவது அடுப்படியில். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டவள். வந்த புதிதில், "அத்தை, பால்காரர் மேல் ஓர் ஆவலாதி" என்றேன். என் மாமியார் ஏதோ பலகாரத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஆவலாதி என்றால் புகார். அதிலும் வீட்டுப் புகார், கொஞ்சம் சிணுங்கலோடு வருவது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றால் அது குறை. "ரசத்தில் பெருங்காயம் வாசனை வரவில்லை, சாதம் குழைந்துவிட்டது, அப்பளம் ஒரு பக்கம் சிவந்திருக்கிறது" என்று தேடித் தேடிச் சொன்னால் அது நொட்டை. சொல்கிறவருக்கு உப்பு குறைய வேண்டும் என்ற எண்ணமே இல்லை, சொல்ல ஏதாவது கிடைக்க வேண்டும். "இந்த வீட்டில் சிலருக்குக் கை தாராளம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் சாடை. அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால், "உன்னையா சொன்னேன்?" என்று கேட்பார்கள். "தலைதீபாவளிக்கும் இப்படித்தான் உப்பைக் கொட்டினாய்" என்றால் குத்திக்காட்டுவது. "ஊரிலிருந்து வந்தபோது வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது" என்றால் சொல்லிக்காட்டுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குத்திக்காட்ட என் தப்பு வேண்டும். சொல்லிக்காட்ட அவர்கள் செய்த நன்மை வேண்டும். எனக்கு வலித்தது என்னவோ இரண்டாவதுதான்.

கரித்துக்கொட்டுவது இவை எல்லாவற்றுக்கும் அப்பால். அதற்கு உப்பும் வேண்டாம் குழம்பும் வேண்டாம். ஆளைக் கண்டாலே போதும்.

என் மாமியார் கரித்துக்கொட்டியது கிடையாது. இதையும் பதிவு செய்துவிடுகிறேன், அவர் பேரன் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவான்.

கோர்ட்டுத் தெரு

சாடைக்குச் சட்டத்தில் மருந்து இல்லை தங்கச்சி. பெயர் சொல்லாமல் சொன்னதை நிரூபிப்பது பெரும்பாடு.

அரசலாற்றங்கரை

இலக்கணத்தில் இடம் இருக்கிறது. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், அதுதான் வசை. மொழியைக் கரந்து, மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. மன்னை மருமகள் சொன்ன, சுவரைப் பார்த்துப் பேசும் சாடை பழிகரப்பு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. "பழிச்சுதல்" என்று ஒரு பழைய வினை உண்டு, அதற்குப் பொருள் போற்றுதல். "பரவும் பழிச்சும் வழுத்தின் பொருள" என்பது தொல்காப்பிய உரியியல் சூத்திரம். பழித்தலும் பழிச்சுதலும் ஓர் எழுத்துத் தூரத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒரு வாரம் பழிச்சிக்கொண்டே இருப்பார்கள்.

மதகடி (நீடாமங்கலம்)

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது மேலே இருந்து வரும். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்துவிட்டது போக, எங்கள் மதகுக்கு வந்த தண்ணீரை அவர் எண்ணிப் பங்கு வைக்க வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, ஏச்சு வந்து இறங்கும் இடம் ஷட்டர் திருகும் அந்தக் கைதான்.

அவருக்கு வந்து சேர்ந்தவற்றை வகை பிரித்துச் சொல்ல முடியும். தலைமடைக்காரர்கள் நேரில் வந்து வைவார்கள். சத்தமாக இருக்கும், அரை மணியில் ஓய்ந்துவிடும், போகும்போது வெற்றிலை கேட்பார்கள். கடைமடைக்காரர்கள் வைய மாட்டார்கள், மனு போடுவார்கள். அந்த மனு சுற்றிக்கொண்டு போய் அதிகாரியிடமிருந்து குறிப்பாணையாகத் திரும்பி வரும். அதில் வசையே இருக்காது. "தங்களது கவனக்குறைவு குறித்து விளக்கம் கோரப்படுகிறது." அவ்வளவு மரியாதை. அப்பா தூக்கம் கெட்டு உட்கார்ந்தது அந்த மரியாதையான வரிக்குத்தான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அதில் வருகிற "நோ" என்ற வினையைக் கவனித்தீர்களா? நொந்துகொள்வது என்றால் குற்றம் சொல்வதும் உண்டு, தனக்கு வலிப்பதும் உண்டு. "யாரை நொந்து என்ன செய்ய?" என்று வரப்பில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போது இரண்டில் எது என்று பிரிக்கவே முடியாது. அப்பா எங்கள் வீட்டில் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

வெட்டாறு

மதகடி சொன்னதற்கு மேல் பேசக் கூடாதுதான். இருந்தாலும் டீச்சர் சொன்ன குறை, குற்றம் பிரிப்பில் எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரியில் மண்மூட்டையும் வைக்கோலும் வைத்து வாய்க்காலை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டவன் செய்தது என்ன? குறையா? அதைக் குறை என்று எழுதினால் அடைத்தவனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டது போல் ஆகாதா? தண்ணீர் தானாகவா குறைந்தது? மென்மையான சொல் எப்போதும் மேலே இருக்கிறவனுக்குத்தான் லாபம். "தண்ணீர் வந்து சேரவில்லை" என்று எழுதுகிறீர்கள். யாரால் என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடுகிறது.

அரசலாற்றங்கரை

இதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. நீங்கள் சொல்வது நியாயம். இடித்துரைப்பது என்று ஒன்று இருக்கிறதே. "மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்று நட்புக்கு இலக்கணம் சொல்லும்போது வள்ளுவர் சொல்கிறார், தவறு செய்கிற நண்பனை எதிரில் போய் இடிக்கத்தான் நட்பு என்று. புறங்கூறாமையில் இன்னும் ஒரு படி போய், முகத்துக்கு நேரே இரக்கமில்லாமல்கூடச் சொல், ஆள் இல்லாத இடத்தில் சொல்லாதே என்கிறார். ஆகவே அடைத்தவன் யார் என்று தெரிந்தால், அவன் முன்னால், அவன் இருக்கும் கூட்டத்தில் குற்றம் என்றே சொல்ல வேண்டும். தலைமடைக்காரர்கள் யாரும் வராத கூட்டத்தில் அதே சொல்லை எழுதினால் அது இடித்துரைப்பது அல்ல, புறங்கூறல்.

கடைமடையான், அந்தக் கூட்டத்துக்கு மேல் மடையிலிருந்து யாராவது வந்திருந்தார்களா?

கடைமடையான்

ஒருவர்கூட வரவில்லை டீச்சர்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நேற்று பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். வெட்டாறு அண்ணன் கேட்டதை அப்படியே கேட்டேன், யாரைக் காப்பாற்றுவதற்குக் குறை என்கிறீர்கள் என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "என் பெண்ணைக் கொடுத்திருப்பது அந்த ஊரில்தான். அவள் மாமனார் வயல் இரண்டாவது மதகில். குற்றம் என்று நோட்டில் ஏறினால் அடுத்த தாளடிக்குத் தண்ணீர் வரும், பொங்கல் சீருக்கு நான் போக முடியாது" என்றார். அடைத்தவன் யார் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். அவனிடம் சொல்லிவிட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

வெட்டாறு

அப்படியென்றால் சரி. முகத்துக்கு நேரே குற்றம், நோட்டில் குறை. ஆள் கெட்டிக்காரர்தான்.

களத்துமேடு

எங்கள் பக்கம் இதற்கு எதிர்மாறாக நடக்கும். நோட்டில் ஆவேசமாக எழுதுவார்கள், முகத்துக்கு நேரே, "வாங்க மாப்பிள்ளை" என்பார்கள்.

மன்னை மருமகள்

பெண் கொடுத்த வீட்டை நினைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிற அப்பா. அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்.

இதற்கிடையில் பழிச்சுதல் பற்றி அத்தைக்கு வாசித்துக் காட்டியாயிற்று. இன்று காலை இட்லி கல்லாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, "பழிக்கவில்லை, பழிச்சினேன்" என்கிறார். டீச்சருக்கு நன்றி என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பூம்புகார்ப் பையன்

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. பழி மட்டும் ஏன் எல்லாத் திசையிலும் போகிறது? பழி போடுகிறோம், சுமத்துகிறோம், சுமக்கிறோம், ஏற்கிறோம். அதே பழியை வாங்குகிறோம், தீர்க்கிறோம். பழி சுமத்துகிறவனும் பழி வாங்குகிறவனும் ஒரே வேலையா செய்கிறார்கள்?

அரசலாற்றங்கரை

நல்ல கேள்வி. போடு, சுமத்து, தாங்கு என்பவை சுமைக்கு வரும் வினைகள். வாங்கு, தீர் என்பவை கடனுக்கு வரும் வினைகள். பழி இரண்டாகவும் இருக்கிறது. ஒருவன் செய்ததன் சுமை ஊர்ப்பேச்சாக அவன் மேலோ, அவன் தள்ளிவிட்ட அப்பாவி மேலோ ஏறுகிறது. பாதிக்கப்பட்டவனுக்கு அதுவே வரவேண்டிய கடன். பழியோரிடம் பாவமோரிடம் என்ற பழமொழி முதல் பொருளில் பிறந்தது. செய்தவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன். மதகடியின் அப்பாவுக்கு அது பொருந்தும்.

குற்றத்தை நிரூபிக்க வேண்டும், பழிக்கு அது தேவையில்லை, போட்டால் போதும். செய்தித்தாளில் "பழி சுமத்தினார்" என்று எழுதினாலே சொன்னது பொய் என்ற வாடை வந்துவிடும். "குற்றம் சாட்டினார்" என்பதில் அந்த வாடை இல்லை. நிருபர் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க இந்த ஒரு சொல் போதும்.

மதகடி

டீச்சர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "பழி என்று எவனும் வாயால் சொல்ல மாட்டான். 'அவர் நினைத்திருந்தால் திறந்திருக்கலாம்' என்பான். அதுதான் பழி" என்றார்.

கடைமடையான்

எல்லோருக்கும் நன்றி. நான் எழுதியிருக்கும் வாசகம் இது: "கடைமடைப் பகுதிக்கு முறைத் தண்ணீர் வந்து சேராத குறையை உறுப்பினர் எடுத்துரைத்தார். முறை நாட்களில் மூன்று மதகுகளையும் இரு ஊர் உறுப்பினர்களும் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்." இரண்டாவது வாக்கியம் வெட்டாறு அண்ணனுக்காக. இரு ஊரும் சேர்ந்து போய் நின்றால் அடைத்தது யார் என்று தானாகத் தெரிந்துவிடும். பெரியவரிடம் காட்டினேன். "எடுத்துரைத்தார்" பெரிய வார்த்தையாக இருக்கிறது, "சொன்னார்" போதும் என்கிறார். மாற்றிவிட்டேன்.

கோர்ட்டுத் தெரு

வாசகம் சரி. ஒரு காரியம் மட்டும் கவனியுங்கள். பழைய வரியைக் கிழிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட வேண்டும். புதிய வாசகம் அடுத்த கூட்டத்தின் நடவடிக்கையில் திருத்தமாக ஏறட்டும். அந்தக் கூட்டத்துக்கு மேல் மடைக்காரர்களுக்கும் அழைப்பு அனுப்புங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கடைமடையான்

அழைப்பு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.